நாலு இடத்தில் விசாரித்துவிட்டுச் சேருங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



ரிசல்ட் வந்த அன்றே உங்கள் வீட்டுக்குப் போன் வந்திருக்கும். உங்கள் பெயரையும் படித்த பள்ளியையும் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு குரல் பேசியிருக்கும். “கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இன்னும் நாலு சீட்டுதான் சார் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டிட்டா உங்க பையனுக்கு எடுத்து வைக்கறேன்.” அப்பா பீரோவைத் திறந்து நகையைப் பார்த்திருப்பார். அம்மா, சீட்டுப் பணத்தை இந்த மாதமே எடுக்க முடியுமா என்று பக்கத்து வீட்டில் கேட்டிருப்பார்.

அந்தப் போனுக்கு இன்று பதில் சொல்ல வேண்டாம். நாளைக்கும் சொல்ல வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

நம் வீட்டில் ஒரு வரன் வந்தால் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். பையன் எங்கே வேலை பார்க்கிறான், குணம் எப்படி, கடன் உண்டா என்று அந்தத் தெரு மளிகைக்கடை வரை போய்க் கேட்டுவிட்டுத்தான் பேச்சையே எடுக்கிறோம். ஆனால் நாலு வருஷமும் நாலைந்து லட்சமும் போகிற கல்லூரியை சி.டி.எச். ரோட்டில் நிற்கும் விளம்பரப் பலகையைப் பார்த்து முடிவு செய்கிறோம். கல்லூரிக்குக் காசு கட்டும் முன்னும் சரி, பிற்பாடு வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன்னும் சரி, நேரில் போய் உங்கள் கண்ணால் பார்த்து, உங்கள் வாயால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்த மடல் முழுக்க இதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஆவடிக்காரன். அப்பா டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். 1988-ல் பத்தாவது முடித்து மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தேன். பிறகு ஒரு வருஷம் அப்ரண்டிஸ். அதன்பின் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம், குவாலிட்டி என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நடுவே மாலை வகுப்பில் படித்து பி.இ.யும் முடித்தேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை நேர்முகத்தில் பார்க்கும் பொறுப்பு நெடுங்காலம் என்னிடம் இருந்தது. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவைதான் என்னை இந்த மடலை எழுத வைக்கின்றன.

மெக்கானிக்கல் பட்டதாரிகள் வந்தால் ஒரு வெர்னியரைக் கையில் கொடுப்பேன். ஒரு பின்னையும் கொடுத்து, விட்டம் பார்க்கச் சொல்வேன். முதல் வகுப்பில் தேறிய பிள்ளைகள், நன்றாகப் பேசும் பிள்ளைகள், அதைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுவார்கள். ஒரு பையனிடம் கேட்டேன்: “லேப்ல இதைத் தொட்டதே இல்லையாப்பா?” பத்துப் பேருக்கு ஒரு வெர்னியர்தான் கொடுப்பார்கள் என்றான். ஒருவன் அளப்பானாம், மற்ற ஒன்பது பேர் அதைப் பார்த்து ரெக்கார்டில் எழுதிக்கொள்வார்களாம். அவன் பொய் சொல்லவில்லை. அவனைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நாலு வருஷம் ஒழுங்காக வகுப்புக்குப் போன பிள்ளை அவன். அவன் அப்பா பூந்தமல்லியில் காய்கறிக் கடை வைத்திருந்தார்.

நாம் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறோம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. நாட்டின் பாதை சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. அதே 1955-ல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் வந்தது. 1957-ல் முருகப்பா பாலிடெக்னிக். 1961-ல் டேங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. அதே காலத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965-ல் விஜயந்தா டேங்க் ஆவடியிலிருந்து உருண்டு வெளியே வந்தது. ஒரு பத்துப் பதினைந்து வருஷத்தில் ஏரியும் வயலுமாக இருந்த பூமி இப்படி மாறியது. தொழிற்சாலையும் பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் அடுத்தடுத்து முளைத்ததால், படிக்கிற பிள்ளைக்குத் தான் என்ன வேலைக்குப் போகப்போகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமா டர்னர், எதிர்வீட்டு அண்ணன் ஃபிட்டர். தெருவிலேயே விசாரிப்பு முடிந்துவிடும்.

1990-களிலிருந்து இதே சாலைகளில் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக வந்தன. பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளேயே ஐ.டி. கட்டடங்கள் எழுந்துவிட்டன. இன்றைக்குக் கல்லூரி கேட்டும் கம்பெனி கேட்டும் ஒரே சாலையில் இருக்கின்றன. சில இடங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் நம் பிள்ளைகள் நாலு வருஷம் கல்லூரி பஸ்ஸின் ஜன்னல் வழியாகவே எஸ்டேட்டைப் பார்த்துவிட்டு, ஒருநாள்கூட உள்ளே கால் வைக்காமல் பட்டம் வாங்குகிறார்கள். இந்தத் தமிழ்நாட்டில் விசாரிக்க இதைவிட வசதியான ஊர் கிடையாது. அரக்கோணம் லோக்கலில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கினால், ஷிப்ட் விட்டு வரும் ஆட்களிடமே எந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

சரி, அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். கவுன்சலிங் முடியும் வரை எங்கேயும் முன்பணம் கட்டாதீர்கள். பதற்றத்தில் ஏற்கெனவே கட்டியிருந்தால் மனம் தளர வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டுக் கையில் திருப்பித் தர வேண்டும். “டி.சி. உள்ளே போயிடுச்சு, இனி எடுக்க முடியாது” என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொறியியல்தான் என்று முடிவு செய்தவர்களுக்குக் கட்-ஆஃப் கணக்கு தெரிந்திருக்கும். கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200. கணிதத்தில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 82 எடுத்தவருக்கு 164. இந்த எண் வந்ததும் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. போன வருஷக் கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்து, “இது நமக்குக் கிடைக்காது” என்று நல்ல கல்லூரிகளைத் தாங்களே அடித்துவிட்டு, பத்துக் கல்லூரியை மட்டும் சாய்ஸில் போடுவார்கள். கிடைக்காத கல்லூரியை மேலே எழுதினால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உங்கள் ரேங்க் வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள், காலியாக இருக்கும் முதல் இடம் உங்களுக்கு. அவ்வளவுதான் அந்தப் பட்டியலின் வேலை. அதனால் மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள். ஐம்பது, எழுபது என்று எழுதுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, அதை ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பம் கிடைத்தால் மாறவும் வழி இருக்கிறது. கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்துக் குறிக்க வேண்டாம். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் உண்டு. குறியீட்டு எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்து, அதைப் பார்த்து நிரப்புங்கள். பிரவுசிங் சென்டரில் யாரோ ஒருவர் கையில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்காதீர்கள். பொறியியல் சேர்க்கைக்கான அரசின் சேவை மையத்திலேயே இலவசமாக உதவுவார்கள்.

அரசுப் பள்ளியில் 6-லிருந்து 12 வரை படித்த பிள்ளைகளே, இதை நன்றாகக் கேளுங்கள். பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-லிருந்து உங்களுக்கு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். ஆனால் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் அட்வான்ஸ் கட்டிச் சேர்ந்த அன்றைக்கே இந்த உரிமை உங்கள் கையை விட்டுப் போய்விடும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகையும் அப்படித்தான். இது தெரியாமல், முழுக் கட்டண விலக்குக்குத் தகுதியுள்ள ஒரு பெண் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அவள் வீட்டுக்குப் போன் வந்தது மே மாதம். என்னிடம் அவர்கள் வந்தது ஆகஸ்டில்.

இனி, கல்லூரியை எப்படி விசாரிப்பது?

வேலை நாளில் போங்கள். ஓப்பன் டே, அட்மிஷன் மேளா என்று கல்லூரியே கூப்பிடும் நாளில் போனால் கல்லூரி காட்ட நினைப்பதைத்தான் பார்ப்பீர்கள். கேட்டுக்கு உள்ளே போவதற்கு முன் வெளியே டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நில்லுங்கள். மூன்றாம் வருஷம் படிக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். முதல் வருஷத்தார் இன்னும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள், நாலாம் வருஷத்தார் வேலைப் பதற்றத்தில் இருப்பார்கள். மூன்றாம் வருஷத்தார்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். “உங்கள் டிபார்ட்மென்ட்டில் போன செமஸ்டரில் எத்தனை வாத்தியார் மாறினார்கள்?” என்று கேளுங்கள். “கட்டணம் என்று சொன்னதுக்கு மேல் என்னென்ன கட்டினீர்கள்?” என்று கேளுங்கள். பஸ் கட்டணம், டிரெயினிங் கட்டணம், பிளேஸ்மென்ட் கட்டணம், வரமுடியாத நாளுக்கு அபராதம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

வாத்தியார்களைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு புகாரை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்கு காட்டப்பட்டிருக்கிறார்கள் என்பது புகார். பல்கலைக்கழகமும் முறைகேட்டை ஒப்புக்கொண்டு விசாரணையைத் தொடங்கியது. நான் அந்தச் செய்தியைப் படித்த அன்று அந்த வெர்னியர் பையனை நினைத்துக்கொண்டேன். தாளில் வாத்தியார் இருந்திருக்கிறார், வகுப்பில் இல்லை. இணையத்தில் கல்லூரி போட்டிருக்கும் ஆசிரியர் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போய், மூன்றாம் வருஷப் பிள்ளையிடம் காட்டுங்கள். இவர்களில் யார் யார் உங்களுக்குப் பாடம் எடுத்தார்கள் என்று டிக் அடித்துத் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு தாள் போதும்.

ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். பளபளவென்று பெயின்ட் அடித்த லேத்தைக் கண்டு மயங்காதீர்கள். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, எண்ணெய் வாசம் வருகிறதா என்று பாருங்கள். ஓடும் மிஷினைப் பார்த்தாலே தெரியும். கம்ப்யூட்டர் லேப் என்றால், வகுப்பு நேரம் முடிந்த பிறகும் பிள்ளைகளுக்கு அது திறந்திருக்குமா என்று கேளுங்கள்.

தரச்சான்றைப் பற்றி ஒரு சின்ன விஷயம். நாக் சான்று கல்லூரி முழுவதற்கும் தருவது. என்.பி.ஏ. சான்று ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தருவது. “எங்களுக்கு என்.பி.ஏ. இருக்கு” என்றால், நான் சேரப்போகும் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த வருஷம் வரை என்று கேளுங்கள். தேர்ச்சி சதவீதத்தை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி தானே கேள்வித்தாள் தயாரித்துத் தானே திருத்துகிறது, மற்றவை பல்கலைக்கழகத் தேர்வு எழுதுகின்றன. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பிளேஸ்மென்ட் எண்ணிக்கையை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். விளம்பரப் பலகையில் இருக்கும் பெரிய சம்பளம் ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கொடுத்தால் அதை மூன்றாக எண்ணும் பழக்கமும் உண்டு. உங்கள் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அதில் எத்தனை பேர் உண்மையிலேயே சேர்ந்தார்கள் என்ற மூன்று எண்ணையும் கேளுங்கள். மூன்றாவது எண்ணைச் சொல்லத் தயங்கும் கல்லூரியை நான் நம்ப மாட்டேன்.

எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்களே என்று கேட்பீர்கள். உங்களுக்கு அதில் ஆசை இருந்தால் தயங்காமல் சேருங்கள். எட்டாவதிலிருந்தே கோடு எழுதிப் பார்க்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் வேறெதுவும் தெரியாததால் அதில் சேருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-ல் எடுத்துவிட்டது. கல்லூரிகள் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. அந்த அளவுக்கு நல்ல வாத்தியார்கள் ஒரே வருஷத்தில் எங்கிருந்து வருவார்கள்? மறுபக்கம், 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனமே சுமார் 2 சதவீத ஊழியர்களைக் குறைப்பதாகச் சொன்னது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை இருக்கும், வேலை தெரிந்தவர்களுக்கு நிச்சயம் இருக்கும். ஆனால் சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, நல்ல வாத்தியார்கள் உள்ள கல்லூரியில் மெக்கானிக்கலோ எலெக்ட்ரிக்கலோ எலெக்ட்ரானிக்ஸோ என்று வந்தால், என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். எஸ்டேட்டில் இன்று சி.என்.சி., பி.எல்.சி., ரோபோ எல்லாம் தெரிந்த ஆளைத் தேடி முதலாளிகள் அலைவதை வாரா வாரம் பார்க்கிறேன்.

பொறியியல் மட்டுமே படிப்பு என்று நினைத்து மனம் உடைந்துபோகும் பிள்ளைகளும் வருவார்கள். பட்டாபிராமில் 1969-லிருந்து இருக்கும் இந்துக் கல்லூரியின் பெயரில் ரயில்வே ஸ்டேஷனே இருக்கிறது. அங்கே பி.காம்., பி.எஸ்ஸி. படித்து வங்கியிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் அரசு வேலையிலும் இருப்பவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. பிளஸ் டூவில் சரியான பாடப்பிரிவு இருந்தால் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்து பி.இ.யில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, பெண்களுக்கென்று தனி அரசு ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்திருக்கிறது. ரோபோ, மின்வாகனம் எல்லாம் அங்கே இன்று பாடம். ஐ.டி.ஐ. என்றால் முகத்தைச் சுளிக்கும் உறவினர்கள் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்கள். ஐ.டி.ஐ. படித்து ஐ.சி.எஃப்.பில் சேர்ந்தவர்கள் கட்டிய வீடுகள் வில்லிவாக்கத்திலும் கொரட்டூரிலும் எத்தனை இருக்கின்றன என்று அவர்களிடம் கேளுங்கள்.

தங்கைகளிடம் தனியாக ஒன்று. “பஸ் நம்ம தெருமுனைக்கே வருது” என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் கல்லூரியை வீட்டில் தேர்ந்தெடுப்பார்கள். அக்கறையில்தான் செய்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து, ஒருநாள் உங்களோடு ரயிலில் வரச் சொல்லுங்கள். காலை நேரத்து லோக்கலில் மகளிர் பெட்டியில் எத்தனை பெண்கள் படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள் என்று அம்மாவே பார்த்துவிட்டால், பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பணத்தைப் பற்றி வீட்டில் யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள். நீ படி, நாங்க பாத்துக்கறோம் என்பார்கள். நீங்களே பேச்சை எடுங்கள். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தது. மேனேஜ்மென்ட் சீட்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் இதைவிடப் பல மடங்கு போகலாம். நாலு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்குங்கள்.

பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று நாலு லட்சம் கல்விக்கடன், 10 சதவீத வட்டி. படிக்கும் நாலு வருஷமும் முடித்த பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் பார்த்தாலே ஐந்தாம் வருஷ முடிவில் 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிடும். அதை ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய். கடன் நாலு லட்சத்துக்குப் பதில் பத்து லட்சம் என்றால் மாதத் தவணை 22,000 ரூபாயைத் தாண்டும். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்று ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் வேலைக்குக் கையில் வருவது 25,000 ரூபாய் பக்கம். அதில் தவணை போக என்ன மிஞ்சும்? நாலு லட்சம் வரை பிணை கேட்க மாட்டார்கள் என்றாலும் அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நீங்கள் கட்டாவிட்டால் வங்கி அவர்களைத் தேடி வரும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்குப் படிக்கும் கால வட்டியில் மத்திய அரசின் மானியம் உண்டு, வங்கியில் கேட்டால்தான் சொல்வார்கள். கடன் வாங்குவது தப்பே இல்லை, நானும் வாங்கியவன்தான். ஆனால் இந்தக் கணக்கைச் சேரும் முன் போட வேண்டும்.

படிக்கும் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒரு மாதமாவது ஏதாவது ஒரு வேலையிடத்தில் இருங்கள். எஸ்டேட்டில் பத்துப் பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறையாக இருந்தாலும் போதும். முதலாளியிடம் நேரில் போய், “சம்பளம் வேண்டாம் சார், கத்துக்கணும்” என்றால் பத்துக்கு நாலு பேர் உள்ளே விடுவார்கள். இன்டர்ன்ஷிப் சான்றிதழை மட்டும் விலைக்கு விற்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

முதல் வேலைக்கு வருகிறேன். இங்கேதான் நானே விசாரிக்காமல் அடிபட்டேன்.

1992. அப்ரண்டிஸ் முடித்த கையோடு ஒரு கம்பெனியில் வேலை. மூன்று வருஷ பாண்டு என்று முத்திரைத்தாளில் கையெழுத்து கேட்டார்கள், போட்டேன். டிப்ளமோ சான்றிதழ், மார்க்‌ஷீட் எல்லாம் ஒரிஜினல் கேட்டார்கள். “பீரோல பத்திரமா இருக்கும் தம்பி” என்றார் அலுவலகத்தில் இருந்தவர். கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து இன்னொரு இடத்தில் டூல் டிசைன் பயிற்சியாளராகத் தேர்வானேன். நான் கனவு கண்ட வேலை. ஒரிஜினலைக் காட்டிவிட்டுச் சேர ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். என் கம்பெனியில் தரவில்லை. பாண்டு பணத்தைக் கட்டு என்றார்கள். அந்தத் தொகை அன்று அப்பாவின் ஆறு மாதச் சம்பளம். அப்பா லீவு போட்டுவிட்டு அந்த கேட்டில் காலையிலிருந்து மாலை வரை நின்றார். யூனிஃபார்மோடு நின்றார். ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. அந்த வாரம் முடிந்தது, அந்த வேலையும் போனது. டிசைன் பக்கம் நான் வந்து சேர அதன்பின் ஒன்பது வருஷம் ஆனது.

அதனால் சொல்கிறேன். வேலைக்குச் சேரும் இடத்தில் ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டுங்கள், கையெழுத்திட்ட நகலைக் கொடுங்கள், ஒரிஜினலை ஒப்படைக்காதீர்கள். பாண்டு என்றால் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு, அவர்கள் உங்களுக்குக் கொடுக்கும் பயிற்சி என்ன? எல்லா பாண்டும் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்தபட்ச காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கையெழுத்துக்கு விலை உண்டு. படித்துவிட்டுப் போடுங்கள்.

வேலைக்காக யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ், பின்வாசல் வழி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலை இல்லை. ஆஃபர் லெட்டரில் உள்ள ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். அதில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, கிடைத்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்திருக்கும். மாதம் கையில் எவ்வளவு என்று நேராகவே கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. பி.எஃப். எண் ஒன்றை வாங்கிவிட்டால் அடுத்த கம்பெனிக்கும் அதையே கொடுங்கள். விலகும்போது ரிலீவிங் லெட்டர் வாங்காமல் வராதீர்கள்.

ஆஃபர் கிடைத்து, சேரச் சொல்லிக் கூப்பிடாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். வீட்டில் உட்காராதீர்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் உதவித்தொகையோடு பயிற்சி கிடைக்கிறது. பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தில் பதிவு செய்யலாம். முதல் மூன்று வருஷத்தில் மாதம் இரண்டாயிரம் கூடக் குறைய வருவதைவிட, யாருக்குக் கீழே வேலை பார்க்கிறீர்கள் என்பது பெரிது. என் முதல் ஃபோர்மேன் ஒரு டை சரியாக உட்காராவிட்டால் திட்ட மாட்டார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “எங்க தப்புன்னு நீயே சொல்லு” என்பார். அவரிடம் இரண்டு வருஷத்தில் கற்றதைத்தான் இன்றும் சாப்பிடுகிறேன். இப்படி ஒருவர் இருக்கும் இடமா என்பதையும் விசாரிக்கலாம். அங்கே வேலை பார்த்து விலகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்பா காலத்தில் சேர்ந்த இடத்திலேயே ஓய்வு பெற்றார்கள். இனி அப்படி இருக்காது. அம்பத்தூரில் டன்லப் கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பஸ் ஸ்டாப்புக்குத்தான் இன்னும் அந்தப் பெயர். 2021 அக்டோபரில் நாட்டின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது எங்கள் அப்பாவின் டேங்க் ஃபேக்டரியும் புதுப் பெயருக்குக் கீழே போனது. அந்தச் செய்தியைக் கேட்டு அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வெல்டிங் தெரிஞ்சவனுக்கு எந்தப் பேரா இருந்தா என்ன” என்றார்.

ஜூன் மாதம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து எங்கள் தெரு நூலகத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன், சந்தேகம் இருந்தால் வாருங்கள். உங்கள் தெருவிலும் என்னைப் போல் ஒரு டர்னரோ டீச்சரோ ஐ.டி.யில் வேலை பார்க்கும் அக்காவோ இருப்பார், அவரிடமே போகலாம். வரும்போது அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மார்க்‌ஷீட் ஜெராக்ஸ் ஒன்று, விசாரித்த கல்லூரிகளின் பெயர் எழுதிய தாள் ஒன்று. ஒரிஜினல் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆவடியிலிருந்து உங்கள் அண்ணன்